மேடம் அசைபோடவில்லை

காலையில் கொட்டகைக் கதவைத் திறந்தபோது மேடம் என்னைத் திட்டவில்லை. அப்போதே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது.

மேடம் என்பது எங்கள் வீட்டுப் பசு. அந்தப் பெயரை யாரும் வைக்கவில்லை, அது நடந்துகொண்ட விதத்தில் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. தண்ணீர் கொஞ்சம் கலங்கியிருந்தால் குடிக்காது. புல் லேசாக வாடியிருந்தால் முகர்ந்துவிட்டு, இதைக் கொண்டுவந்து வைக்க உனக்கு எப்படி மனசு வந்தது என்று என்னை ஒரு பார்வை பார்க்கும். கதவைத் திறக்க நான் கொஞ்சம் பிந்தினால் போதும், தெரு முழுக்க என் மானம் போகும்படி கத்தித் தீர்த்துவிடும்.

அப்படிப்பட்ட மேடம் அன்று நான்கு கால்களையும் அகட்டி வைத்து, தலையைத் தொங்கப் போட்டு, இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போய்க் கூப்பிட்டேன். ஒரு அடி எடுத்து வைத்தது, கால் பின்னியது, சுவரில் சாய்ந்துகொண்டது. நன்றாகக் குடித்துவிட்டு வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்கிறவர்களை எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன். அதே நிலை. பல்லை நறநறவென்று கடித்தது, ஆனால் அசைபோடவில்லை. மற்ற நாட்களில் அந்த நேரத்துக்கு அது சௌகரியமாகப் படுத்துக்கொண்டு வாயை ஆட்டிக்கொண்டிருக்கும். தரையில் சாணி தண்ணீராகக் கிடந்தது. அதிலிருந்து புளித்த வாடை வந்தது. எனக்குப் பழக்கமான வாடைதான். கல்யாணம் ஆன நாளிலிருந்து என் வீட்டுக்காரர் மேல் அடிக்கிற வாடை அது.

இவர் பேக்கரி வைத்திருக்கிறார். முன்னால் கடை, நடுவில் அடுப்பறை, அதற்குப் பின்னால் நாங்கள், எல்லாவற்றுக்கும் பின்னால் மேடம். நான் நேராக அடுப்பறைக்குப் போனேன்.

"ஏங்க, நேத்து மாட்டுக்கு என்ன போட்டீங்க?"

"நானா?" என்றார்.

இவரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியதில் ஒன்றைத் தெரிந்துவைத்திருக்கிறேன். செய்யாத காரியமாக இருந்தால் "இல்ல" என்பார். செய்திருந்தால் "நானா?" என்பார். நான் மாவு பிசைகிற பெரிய தொட்டியைப் பார்த்தேன். வாங்கின அன்றுகூட அது அப்படிப் பளபளத்ததில்லை.

"இந்தத் தொட்டியை யார் கழுவினது?"

"கழுவல. அது நக்கினதுல அப்படி ஆயிடுச்சு."

விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. முந்தின நாள் மத்தியானம் அடுப்பின் பர்னர் மக்கர் பண்ணிவிட்டது. மெக்கானிக் மறுநாள்தான் வருவேன் என்றுவிட்டார். தொட்டியில் ரொட்டிக்குப் பிசைந்த மாவு பொங்கி, இவர் அமுக்கி, மறுபடியும் பொங்கி, விளிம்பைத் தாண்டி வழிய ஆரம்பித்திருக்கிறது. மாவைக் குப்பையில் கொட்டுவது என்றால் இவருக்கு உயிரே போய்விடும். நான் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரம் பார்த்துத் தொட்டியைக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

"கீழ கொட்ட மனசே வரல."

"அதனால என் மாட்டு வயித்துல கொட்டிட்டீங்க."

"எவ்வளவு ஆசையா சாப்பிட்டுச்சு தெரியுமா? நான் போட்ட ரொட்டியை நீகூட அப்படிச் சாப்பிட்டதில்ல."

"பேசாதீங்க. டாக்டருக்கு ஃபோன் பண்ணுங்க."

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடை இவருடையது. வீடு கடையைச் சேர்ந்தது. பிள்ளைகள் படிக்கப் போன ஊரிலேயே வேலையும் தேடிக்கொண்டார்கள், ஃபோனில் "சாப்பிட்டியாம்மா" என்பதோடு சரி. அந்த வீட்டில் என் குரல் கேட்டால் திரும்பிப் பார்க்கிற ஒரே ஜீவன் மேடம்தான். அது போய்விட்டால் நான் என்ன ஆவேன் என்று நினைக்கவே பயமாக இருந்தது. இவரை என்ன செய்வேன் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

மாட்டு டாக்டர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். என் பெண் வயசு இருக்கும். சிரிப்பு என்பதைப் படிப்பு முடித்த அன்றே காலேஜில் ஒப்படைத்துவிட்டு வந்தவள் மாதிரி முகம். மேடத்தின் இடது விலாவுக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்து ரொம்ப நேரம் கேட்டாள். வேறு இடத்தில் வைத்துக் கேட்டாள்.

"சத்தமே இல்ல. நிமிஷத்துக்கு ஒரு தடவையாவது உள்ள உருளணும். என்ன குடுத்தீங்க?"

"கொஞ்சம் மாவு," என்றார் இவர்.

"ஒரு தொட்டி," என்றேன் நான்.

"மாவு சாப்பாடுதானே டாக்டர்? விஷமா?" என்று இவர் கேட்டார். நியாயம் கேட்கிறாராம்.

டாக்டர் பையைத் திறந்துகொண்டே பேசினாள். "சார், புல்லு போடறீங்கல்ல, அதை மாடு செரிக்கறதில்ல."

"பின்ன?"

"அதால முடியாது. நம்மாலயும் முடியாது, மாட்டாலயும் முடியாது. அதோட முதல் வயிறு ஒரு பெரிய பீப்பாய். உள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க கோடி கோடியா இருக்கு. புல்லையும் வைக்கோலையும் அதுங்கதான் உடைச்சுத் தின்னும். தின்னுட்டு வினிகர் மாதிரி ஒரு காடியைக் கக்கும். மாடு அதைத்தான் உறிஞ்சிக்கிட்டு உயிர் வாழுது. அதுல ஒரு வகை பால்ல கொழுப்பாகும். இன்னொரு வகை ஈரலுக்குப் போய்ச் சர்க்கரையாகும்."

"அப்ப நேராச் சர்க்கரையே குடுத்துட்டா?"

"மாட்டுக்குப் போய்ச் சேராது. வழியிலயே பூச்சிங்க முடிச்சிடும். தனக்கு வேணுங்கற சர்க்கரையை அது தானேதான் செஞ்சுக்கணும்."

எல்லாரும் தின்று முடித்த பிறகு அவர்கள் விட்டதில் தன் பாட்டைப் பார்த்துக்கொள்கிற ஜீவன். எங்கள் வீட்டில் அப்படி இன்னொன்றும் உண்டு, அது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"புல்லு திங்கற பூச்சி நிதானமா வேலை செய்யும்," என்று டாக்டர் தொடர்ந்தாள். "மாவு திங்கற கும்பல் ஒண்ணு ஓரமா இருக்கும். கொஞ்சமா இருந்தா தொந்தரவில்ல. ஒரு தொட்டி மாவு போனதும் அது தலைகால் தெரியாம பெருகிடும். அது கக்கறது தயிர்ல இருக்கற புளிப்பு. அந்தப் புளிப்புல நல்ல பூச்சியெல்லாம் செத்துடும், பீப்பாய் அசையறதை நிறுத்திடும். உங்க மாவுல ஈஸ்ட் வேற. சாராயமும் ஊறியிருக்கும்."

"அதான் ஆடுதா?"

"அதுக்கும் சேர்த்துத்தான் ஆடுது."

இவர் முகம் திடீரென்று தெளிந்தது. "எங்க தாய்மாவு கெட்டுப் போற மாதிரின்னு சொல்லுங்க!"

தாய்மாவு என்பது எங்கள் கடையின் சொத்து. அன்றன்றைய புளித்த மாவில் ஒரு பிடியை எடுத்துவைத்து, அதற்குக் கொஞ்சம் மாவும் தண்ணீரும் ஊட்டி, மறுநாள் அதைக்கொண்டு பொங்கவைப்பது. என் மாமனார் ஆரம்பித்து வைத்தது, இன்னும் அதே ஜாடியில் உயிரோடு இருக்கிறது. என் பிள்ளைகளுக்குக்கூட இவர் அத்தனை வேளை தவறாமல் ஊட்டியதில்லை.

"அதுக்கும் அளவுக்கு மேல மாவைக் கொட்டினா இப்படித்தான் புளிச்சு, ஓய்ஞ்சு, செத்துப் போகும்," என்றார்.

"அதேதான் சார்," என்றாள் டாக்டர். வந்ததிலிருந்து முதல் தடவையாக இவரை ஒரு மனிதராக மதித்துப் பார்த்தாள்.

"இவ்வளவும் தெரிஞ்சுதான் கொட்டினீங்க," என்றேன் நான்.

டாக்டர் மேடத்தின் வாய் வழியாக நீளமான குழாயை விட்டு, உள்ளே இருந்த புளித்த குழம்பை வாளி வாளியாக வெளியே எடுத்தாள். கொட்டகையில் நிற்க முடியவில்லை. பிறகு, "சோடா மாவு இருக்கா?" என்று கேட்டாள்.

"எத்தனை மூட்டை வேணும்?" என்றார் இவர். அந்த நாளில் அவர் உருப்படியாகப் பேசிய முதல் வார்த்தை.

சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் ஊற்றினார்கள். ரொட்டித் தட்டு அடுக்குகிற சக்கர ஸ்டாண்டை உருட்டிக்கொண்டு வந்து, அதன் உச்சியில் குளுக்கோஸ் பாட்டில் போல ஒன்றைக் கட்டிக் கழுத்து நரம்பில் ஏற்றினாள் டாக்டர். மத்தியானத்துக்குள் மேடத்தின் ஆட்டம் குறைந்தது. நான் கடவுளுக்கு நன்றி சொல்ல வாயைத் திறப்பதற்குள் டாக்டர் தடுத்துவிட்டாள்.

"புளிப்பு அடங்கிடுச்சு. ஆனா உள்ள வேலை செய்ய ஆளில்ல. இப்ப நீங்க புல்லு போட்டாலும் அப்படியே கிடக்கும். நல்லா அசைபோடற ஒரு மாட்டு வயித்துலேருந்து தண்ணி எடுத்து இது வயித்துல ஊத்தணும். இன்னைக்கே பண்ணணும், நாளைக்குன்னா எனக்கு நம்பிக்கையில்ல. பக்கத்துல யார்கிட்ட மாடு இருக்கு?"

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன்.

பக்கத்தில் மாடு இருந்தது. இரண்டு தெரு தள்ளி, இவருடைய சொந்த அக்காவிடம். எனக்கு நாத்தனார், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். மேடம் பிறந்ததே அண்ணியின் கொட்டகையில்தான். "நீ தனியா இருக்கே, வெச்சுக்கோ" என்று கன்றாக எனக்கு ஓட்டிக்கொண்டு வந்து கொடுத்தது அவர்தான். அதன் அம்மா இன்னும் அங்கே இருக்கிறது. எதற்கும் அவசரப்படாது, யாரையும் நிமிர்ந்து பார்க்காது என்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர்.

ஆனால் அண்ணி எங்களோடு பேசி மூன்று வருஷம் ஆகிறது. அவர் வீட்டிலேயே சின்னதாக ரொட்டி போட்டு விற்கலாம் என்று நினைத்து, தாய்மாவில் ஒரு கிண்ணம் கேட்டு வந்தார். இவர், "அது கடை ரகசியம் அக்கா, வெளியாளுக்குக் குடுக்கறதில்ல" என்றுவிட்டார். அப்பா ஆரம்பித்துவைத்த மாவுக்குப் பெற்ற மகள் வெளியாள்! அண்ணி கிண்ணத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போனார், அதற்குப் பிறகு திரும்பி வரவில்லை. அக்காவும் தம்பியும் போட்ட சண்டையில் என் அண்ணி எனக்கு இல்லாமல் போனார். இதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

"நான் போகமாட்டேன்," என்றார் இவர்.

"செருப்பைப் போடுங்க," என்றேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அண்ணி கொட்டகை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து புல் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். மேனேஜர் படுத்து, கண்ணைப் பாதி மூடி, தாடையை இடமும் வலமும் ஆட்டி அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா..." என்றார் இவர்.

அண்ணி மேனேஜரைப் பார்த்து, "யாரோ வெளியாள் வந்திருக்காங்க போல," என்றார்.

"அக்கா, ஒரு அவசரம்."

"வழி தெரியாம வந்துட்டாங்களோ என்னவோ," என்று மேனேஜரிடம் கேட்டார். மேனேஜர் கருத்து எதுவும் சொல்லவில்லை.

டாக்டருக்கு இந்தக் குடும்ப விவகாரம் எதுவும் தெரியாது. குழாயைத் தோளில் மாட்டியபடி முன்னால் போய், "அம்மா, உங்க மாட்டு வயித்துத் தண்ணி வேணும். ஒரு கேன் இருந்தா போதும்," என்றாள்.

அண்ணிக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாழ்க்கையில் வாய்க்குமா? முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வயித்துத் தண்ணியா? அது இந்தக் கொட்டகை ரகசியமாச்சே டாக்டர். வெளியாளுக்கெல்லாம் குடுக்கறதில்ல."

இவர் காது சிவந்துவிட்டது. திரும்பி நடக்கக் காலை எடுத்தார். நான் சட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டு முன்னால் போனேன்.

"அண்ணி, மேடத்துக்கு உடம்பு சரியில்ல. அசைபோடல. காலையிலேருந்து என்னை ஒரு தடவைகூடத் திட்டல அண்ணி..." நடுக் கொட்டகையில் நின்று அழுதுவிட்டேன்.

அண்ணி முக்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "மேடத்துக்கா? அதை வந்ததும் சொல்றதுக்கென்ன! மூணு பேரும் மரம் மாதிரி நிக்கறீங்க! டேய், கயித்தைப் பிடிடா. டாக்டர், எத்தனை கேன் வேணும்?"

குழாய் இறங்கியது. டாக்டர் பம்பை அழுத்த அழுத்த, பச்சையாக, சூடாக, நுரையோடு வந்தது. வாடையைப் பற்றி நான் விவரிக்கப் போவதில்லை. மேனேஜர் அத்தனையையும் ஒரு கையெழுத்துப் போடுகிற அலட்சியத்தோடு பொறுத்துக்கொண்டது. மேனேஜர் மேடத்தின் அம்மா என்று கேட்டதும் டாக்டர், "ரொம்ப நல்லது. கன்னு பொறக்கும்போது வயித்துல இந்தப் பூச்சி எதுவும் இருக்காது. அம்மா நக்கறதுல, கூட இருக்கறதுல, கொஞ்சம் கொஞ்சமாப் போய்ச் சேரும். அது குடுத்ததை அதுகிட்டயே மறுபடி வாங்கறோம்," என்றாள். இவர் தலையைக் குனிந்துகொண்டு கேனைத் துடைத்தார்.

"சூடு ஆறக் கூடாது, காத்து படக் கூடாது," என்று டாக்டர் சொன்னதுதான் தாமதம், இவர் ஆளே மாறிவிட்டார். கேனை இறுக்கி மூடி, சட்டையைக் கழற்றிச் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பனியனோடு தெருவில் ஓடினார். எங்கள் கடைக்கு வழக்கமாக வருகிற ஒருவர் எதிரில் வந்தார். "என்ன சார், புது ஐட்டமா?" என்று கேட்டவர், காற்று அவர் பக்கம் திரும்பியதும் எதிர்ச் சாரிக்கு மாறிவிட்டார். நானும் அண்ணியும் பின்னால் ஓடினோம். ஓடும்போது அண்ணி என் கையைப் பிடித்திருந்தார். எப்போது பிடித்தார் என்று தெரியவில்லை.

மேடத்தின் வயிற்றில் ஊற்றியாயிற்று. "இனிமே அதுங்க பாடு. சத்தம் வருதான்னு கேட்டுக்கிட்டே இருங்க," என்று சொல்லிவிட்டு டாக்டர் வேறொரு மாட்டைப் பார்க்கப் போனாள். நானும் அண்ணியும் மேடத்தின் இடது பக்கம் ஆளுக்கொரு இடத்தில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். முகமும் முகமும் ஒரு சாண் தூரத்தில்.

"இளைச்சுட்டே," என்றார் அண்ணி.

"மாடா?"

"நீதான்."

அந்த நேரம் பார்த்து இவர் உள்ளே வந்தார். கையில் தாய்மாவு ஜாடி. ஜாடியோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "அக்கா, அன்னைக்கு நான் பேசினது தப்பு. இதுல பாதி உன்னுது," என்றார். எனக்கே பாவமாகிவிட்டது.

அண்ணி காதை எடுக்காமலே பார்த்தார். "வேண்டாம்டா. நான் அப்பவே பழத்தோலை ஊறப்போட்டுச் சொந்தமா ஒண்ணு வெச்சுட்டேன். உன்னுதைவிட வேகமாப் பொங்குது."

மாட்டைக் கொல்லப் பார்த்ததற்குக்கூட இவர் முகம் அப்படிச் சுருங்கவில்லை. ஜாடியைக் கீழே வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். ரோஷமும் ஆசையும் சண்டை போட்டன. கடைசியில் தொழில் ஜெயித்தது.

"எவ்வளவு வேகமா?" என்றார்.

அண்ணி சொல்ல ஆரம்பித்தார். என்ன பழம், எத்தனை தண்ணீர், வெயில் நாளில் எப்படி, மழை நாளில் எப்படி. இவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து குறுக்குக் கேள்வி கேட்டார். நடுவில் நான், "உஸ்!" என்றேன்.

உள்ளே எங்கோ, தூரத்துத் தெருவில் காலி வண்டி போவது போல ஒரு உருட்டல். நின்றது. நாங்கள் மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். மறுபடி உருண்டது. மேடம் கழுத்தை நீட்டி ஒரு ஏப்பம் விட்டது பாருங்கள், நேராக இவர் முகத்தில். இவர் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. அடுத்து, கழுத்துக்குள் ஒரு உருண்டை கீழேயிருந்து மேலே ஏறுவதைக் கண்ணால் பார்த்தோம். மேடத்தின் தாடை இடப்பக்கம் போயிற்று, வலப்பக்கம் வந்தது. அண்ணி என் தோளில் சாய்ந்து அழுதார். நானும் அழுதேன். எதற்காக என்று தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது.

மறுநாள் அண்ணி ஒரு கட்டுக் காய்ந்த புல்லோடு வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். வந்ததும் மேடத்தின் வயிற்றில் காதை வைப்பார், "பரவாயில்ல" என்பார், பிறகு உட்கார்ந்தோம் என்றால் பொழுது போவதே தெரியாது. மூன்று வருஷத்துப் பேச்சை அவ்வளவு சீக்கிரம் பேசி முடித்துவிட முடியுமா? மேடம் நாளுக்கு நாள் தேறியது. பால் பழையபடி வந்தது. ஒரு காலையில் புல் சரியில்லை என்று தெருவே கேட்கக் கத்தித் தீர்த்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே ஒரு பயமும் வந்து உட்கார்ந்தது.

அன்று டாக்டர் வந்து, ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டினாள். "முழுசா சரியாயிடுச்சும்மா. இனிமே நான் வரவேண்டியதில்ல. மாவை மட்டும் இது கண்ல காட்டாதீங்க."

அவள் ஸ்கூட்டர் வரைக்கும் பின்னாலேயே போனேன். இவர் காதில் விழாத தூரம் வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"டாக்டர், ஒரு உதவி. எங்க அண்ணி உங்ககிட்ட கேட்டாங்கன்னா, மாடு இன்னும் தேறல, தினமும் யாராவது வந்து வயித்துல காதை வெச்சுப் பார்க்கணும்னு சொல்லிடுங்க. சரியாயிடுச்சுன்னு தெரிஞ்சா அவங்க வர்றதை நிறுத்திடுவாங்க."

டாக்டர் ஸ்கூட்டர் சாவியைப் பாதி திருப்பியவள் அப்படியே நிறுத்தினாள். நெற்றியில் தட்டிக்கொண்டாள்.

"அடடா! நேத்து அவங்க என் வீட்டுக்கே வந்து, உங்ககிட்ட அதைத்தான் சொல்லச் சொன்னாங்கம்மா. நான் சுத்தமா மறந்துட்டேன்."